எல்லைக்கோட்டு வகுப்பு: கொழும்பு நாட்குறிப்பு

ஓகஸ்ட் 4

வெள்ளவத்தை மாலை வகுப்பில் முதல் பாடம் பெரு, ஈக்குவடோர். பாக்கு நீரிணையில் தொடங்கினால் ஒருவரும் வரைபடத்தைப் பார்க்க மாட்டார்கள், வாதாடத்தான் செய்வார்கள். தூரத்து நாடென்றால் தலை சூடேறாது.

1942 ரியோ உடன்படிக்கை எல்லையின் ஒரு துண்டை, சமோரா, சாந்தியாகோ ஆறுகளுக்கு இடையிலுள்ள நீர்பிரிமேடு, அதாவது மழைநீர் இரண்டு பக்கமும் பிரிந்து வடியும் மேடு, என்று எழுதிவைத்தது. அந்தக் காட்டை அப்போது யாரும் சரிவர அளந்திருக்கவில்லை. 1946-47இல் அமெரிக்க விமானங்கள் படமெடுத்த பிறகுதான், செனெப்பா ஆறு நினைத்ததைவிட மிக நீளம், அது இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது என்று தெரிந்தது. நடுவில் ஓர் ஆறு வந்துவிட்டால் மேடு ஒன்றல்ல, இரண்டு. எது எல்லை? கல் நடும் வேலை நின்றுபோனது. கடைசியில் கல் இல்லாமல் கிடந்தது 78 கிலோமீற்றர். அதற்காக 1981இலும் 1995இலும் சண்டை.

கரும்பலகையில் எழுதிப் போட்டது: நிர்ணயம் வேறு, நாட்டல் வேறு. முன்னது மேசையில் சொல்லால் கோடு போடுவது. பின்னது காட்டில் கல் நடுவது.

ஓகஸ்ட் 6

அதைத் தீர்த்த வரிசைதான் கவனிக்க வேண்டியது. கோட்டைப் பற்றிய பேச்சு கடைசியில். முதலில் படைகளைப் பிரித்தார்கள். ஆர்ஜென்டீனா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய, ரியோ உடன்படிக்கைக்கு உத்தரவாதம் தந்த நான்கு நாடுகளின் கண்காணிப்பாளர்கள் இடையில் நின்றார்கள். வர்த்தகம், அமேசன் ஆற்றில் கப்பல் விடுவது போன்றவற்றைத் தனித்தனியாகப் பேசினார்கள். கோட்டில் முட்டி நின்றபோது, நான்கு நாடுகளும் சொல்லப்போகும் தீர்வை, அது என்னவென்று தெரியுமுன்பே ஏற்பதாக இரண்டு பாராளுமன்றங்களும் 1998 ஒக்டோபரில் வாக்களித்தன. இதுதான் சாமர்த்தியம். தீர்வு வந்தபின் வாக்கெடுப்பு வைத்திருந்தால் இரண்டு பக்கமும் தோற்றிருக்கும்.

கோடு பெரும்பாலும் பெரு கேட்டபடி கொண்டோர் மலைத்தொடரில் போனது. ஈக்குவடோர் வீரர்கள் விழுந்த திவின்சாவில் ஒரு சதுர கிலோமீற்றர் ஈக்குவடோருக்கு, ஆனால் தனியார் சொத்தாக மட்டும், இறைமை பெருவுக்கே. காணி உறுதி இவர் பெயரில், ஆட்சி அவர் கையில். ஒக்டோபர் 26இல் பிரசிலியாவில் கையெழுத்து. கல் நடுமுன் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்தது. 1999 மே மாதத்தில்தான் கடைசிக் கல்.

ஓகஸ்ட் 9

கடல் வரைபடப் பயிற்சி. சமதூரக் கோடு என்றால் இரு கரைகளிலிருந்தும் ஒரே தூரத்தில் போகும் கோடு. அதன் திரும்புமுனை எங்கே? ஒரு கரையில் இரண்டு புள்ளியையும் எதிர்க்கரையில் ஒரு புள்ளியையும் தொடும் வட்டத்தின் மையம் அது. புள்ளிகளைத் தாழ்வற்றுக் கோட்டிலிருந்து, அதாவது கடல் வற்றும்போது தெரியும் கரைக்கோட்டிலிருந்து, எடுக்க வேண்டும்.

வழக்கமான பிழை: தூரத்தை மேல் விளிம்பு நெட்டாங்கு அளவில் டிவைடர் வைத்து அளப்பது. பக்க விளிம்பில், அதே அகலாங்கு மட்டத்தில் அளந்தால்தான் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீற்றர். நமது அகலாங்கில் 20 மைலுக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் பிசகும். ஒரு மீனவர் கைதாவதற்கு அது போதும்.

ஓகஸ்ட் 11

நிலத்தை மாற்றும்போது ஆளை எண்ணாமல் விடக்கூடாது. இந்தியா, வங்கதேசம்: ஒரு நாட்டுக்குள் சிக்கிக்கிடந்த மற்ற நாட்டு நிலத்துண்டுகள், 162 திட்டுகள், 1974இல் ஒப்பந்தம், 2015 யூலை 31 நள்ளிரவில் கைமாற்றம். இடையில் கூட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. எந்த நாட்டுக் குடியுரிமை என்று மக்களையே தெரிவுசெய்ய விட்டார்கள். இந்தியாவுக்கு அரசியலமைப்பில் 100ஆவது திருத்தமும் தேவைப்பட்டது.

ஓகஸ்ட் 13

இன்று கச்சதீவு. 285 ஏக்கர். ஒப்பந்தம் 1974 யூன் 26இல் கொழும்பிலும் 28இல் புதுடில்லியிலும் கையெழுத்தானது. கோடு தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போகிறது. கோட்டில் குழப்பமில்லை: ஆறு புள்ளிகள், அகலாங்கு நெட்டாங்கோடு. தகராறு உறுப்புரைகளில். ஐந்தாவது, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் தீவுக்கு வரலாம், விசா வேண்டாம் என்கிறது. ஆறாவது, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளை அனுபவிக்கலாம் என்கிறது. மீன்பிடி என்ற சொல்லே அதில் இல்லை. இரு அரசுகளும் 1976 மார்ச்சில் மாற்றிக்கொண்ட கடிதங்களோ வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. ரியோவின் நீர்பிரிமேடு மாதிரித்தான் இந்தப் ‘பாரம்பரியமும்’: இராமேஸ்வரத்தில் ஒரு பொருள், மன்னாரின் பேசாலையில் இன்னொன்று. கடலடியில் இழுத்துப் பிடிக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அந்தப் பக்கத்து ரோலர்கள் (இழுவைப் படகுகள்) வரும்போது கரையில் பேசுவது கோட்டைப் பற்றியல்ல, அறுந்த வலையைப் பற்றி.

பயிற்சி: ஆறாவது உறுப்புரையைத் திருத்தி எழுதுக, எந்த வலை, எத்தனை படகு, எந்த மாதம், யார் சோதிப்பது. ஆறு குழுக்களில் நான்கு ‘வலை’ என்று மட்டும் எழுதித் தந்திருக்கின்றன.