ட்வில் துணியின் சாய்வரிகள்

ஜீன்ஸ் துணியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், மெல்லிய வரிகள் சாய்வாக ஏறிச் செல்வது தெரியும். ட்வில் நெசவின் அடையாளமே அதுதான். சாதாரண நெசவில் குறுக்காக ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூலுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக மாறி மாறிச் செல்லும். ஜீன்ஸ் துணியிலோ அது மூன்று பாவு நூல்களுக்குக் கீழே புகுந்து ஒன்றின் மேல் வருகிறது. ஒவ்வொரு வரிசையிலும் இந்த அமைப்பு ஒரு நூல் தள்ளித் தொடங்குவதால் சாய்வரி உருவாகிறது. சாயமிட்ட பாவு வெளிப்புறத்திலும், சாயமிடாத ஊடை உட்புறத்திலும் மிகுந்து தெரிவதால்தான் ஜீன்ஸின் உட்பக்கம் வெளிறியிருக்கிறது.

பாவும் ஊடையும் மேல்கீழாக மாறும் இடங்கள் குறைவு என்பதால் நூல்களை நெருக்கி அடுக்கலாம். ஆயினும் துணி விறைப்பதில்லை; கிழிக்க முயன்றால் நூல்கள் சற்று நகர்ந்து, ஒன்றுசேர்ந்து இழுவையைத் தாங்குகின்றன. உழைப்பாளிகளின் உடைக்கு இதைவிடப் பொருத்தமான நெசவு இல்லை என்பேன். குறையும் உண்டு: துவைத்தபின் துணி சாய்வரியின் போக்கில் முறுக்கிக்கொள்ள, கால்சட்டையின் பக்கத் தையல் முன்னால் திரும்பிவிடும்.

'ட்வில்' என்ற பெயர் இரட்டை நூலைக் குறிக்கும் பழஞ்சொல்லின் வழிவந்தது.

சாய்வின் திசையை இடையிடையே திருப்பினால் மீன்முள் வடிவம் கிடைக்கிறது. 1879-இல் இங்கிலாந்தின் தாமஸ் பர்பெரி உருவாக்கிய கேபர்டீன் என்ற துணியும் நெருக்கமான ட்வில்தான். நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்புகாப் பக்குவம் செய்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்.