தண்ணீர் எங்கே போகிறது: ஒரு அடுப்படி நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

தங்கைக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். அவள் சைவம், ஆனால் பாலும் முட்டையும் எடுத்துக்கொள்வாள். நான் இறைச்சி தொடுவதில்லை, ஆனால் மீன் சாப்பிடுவேன். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்படிதான். என்ன சமைத்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வாணலியைக் கையில் எடுக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

முதலிலேயே அவளிடம் சொன்னேன்: மசாலாப் பெயர்களை அப்புறம் கற்றுக்கொள்ளலாம், இப்போது தண்ணீரைக் கவனி. காய், காளான், மீன் எல்லாவற்றிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். காய் வறுக்கும்போது அதை வெளியேற்ற வேண்டும். மீனில் அதைக் காப்பாற்ற வேண்டும். காய்ந்த கடலைக்குள்ளோ புதிதாக ஏற்ற வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் குறிப்பு இல்லாமலேயே பாதிச் சமையல் கைவந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடக்கத்துக்குக் காளான் எடுத்தோம். அதில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். நன்றாகக் கழுவலாம், பயமில்லை. கழுவும் நேரத்தில் அது உறிஞ்சுவது மிகக் கொஞ்சம். நறுக்கி, எண்ணெய் விடாமல், நன்றாகச் சூடான அகல வாணலியில் போட்டோம். சில நிமிடங்களில் வாணலி முழுக்க நீர் கோத்துக்கொண்டது. "அக்கா, கெட்டுப்போச்சா?" என்று பதறினாள். "இல்லை, சத்தத்தைக் கேள்" என்றேன். நீர் இருக்கும்வரை கொதிக்கும் சத்தம் கேட்கும். அது வற்றியதும் சத்தம் சுருங்கிச் சுரீர் என்று மாறும். அந்த இடத்தில்தான் எண்ணெய், உப்பு, காளான் சிவந்த பிறகு கடைசியாக நசுக்கிய பூண்டு. பூண்டை முதலிலேயே போட்டால் காளான் சிவப்பதற்குள் அது கருகிக் கசந்துவிடும்.

காளானைத் தொடக்கப் பாடமாக வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது, அது வெப்பத்தில் கரையாது. அதனால் பத்து நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் குழையாது. கற்றுக்கொள்பவருக்கு இவ்வளவு பொறுமையான பொருள் வேறு கிடைக்காது.

ஜூன் 4, புதன்

காலிஃப்ளவர், கேரட், உருளைக்கிழங்கு. ஓவனில் 220 டிகிரி செல்சியஸ், ஒரே தட்டு.

ஈரம் இருக்கும்வரை காயின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம், ஏனென்றால் வருகிற வெப்பத்தையெல்லாம் தண்ணீர் ஆவியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. காய் சிவந்து மணம் வர ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் தருவதை 1912இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது.

இதிலிருந்து வருகிற வேலை எளிமையானது. கழுவிய காயைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். எண்ணெய் தடவி, துண்டுகள் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்ப வேண்டும். நெருக்கிப் போட்டால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வேகும், சிவக்காது. தட்டு போதவில்லை என்றால் இரண்டு தட்டு. ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அடிக்கடி கிளறாமல் விட்டால் இதே பலன் கிடைக்கும். புதிதாகச் சமைப்பவர்கள் கரண்டியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்கள். காயைத் தொடாமல் மூன்று நிமிடம் நிற்பதும் சமையல்தான்.

ஜூன் 5, வியாழன்

பச்சைக் காய்கள், சுருக்கமாக. பீன்ஸும் ப்ராக்கோலியும் கொதிக்கும் உப்பு நீரில் மூடாமல் நான்கைந்து நிமிடம் வெந்தால் போதும். நேரம் கூடினாலோ புளிப்பு சேர்ந்தாலோ பச்சையத்தில் உள்ள மெக்னீசியம் கழன்று, நிறம் மங்கி ஒரு மாதிரி காக்கியாகிவிடும். அதனால் எலுமிச்சையைப் பரிமாறும்போதுதான் பிழிய வேண்டும். முட்டைக்கோஸுக்கும் குறைந்த நேரமே நல்லது. வேக வேக அந்தக் கந்தக வாடை ஏறிக்கொண்டே போகும். முட்டைக்கோஸ் பிடிக்காது என்று சொல்பவர்கள் பலரும் அதிகம் வெந்த முட்டைக்கோஸை மட்டுமே சாப்பிட்டவர்கள் என்பது என் எண்ணம்.

ஜூன் 8, ஞாயிறு

கொண்டைக்கடலை. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. சைவச் சமையல் கற்றுக்கொள்பவர் முதலில் தேற வேண்டியதும் இதில்தான்.

நேற்று இரவே ஊறவைத்துவிட்டோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. "உப்பு போட்டால் கடலை வேகாதுன்னு சொல்வாங்களே?" என்று கேட்டாள். பலரும் சொல்வதுதான், ஆனால் நடப்பது நேர்மாறு. கடலைத் தோலின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அந்தப் பெக்டினை இறுக்கிப் பிடித்திருப்பவை கால்சியமும் மெக்னீசியமும். உப்பிலிருக்கும் சோடியம் அவற்றில் கொஞ்சத்தை இடம்பெயர்த்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தோல் மென்மையாகிறது, வேகும்போது வெடித்துச் சிதறுவதும் குறைகிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கடலை ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை ஏறிவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, அலசி, புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும்.

உண்மையில் கடலையை வேகவிடாமல் தடுப்பவை வேறு. ஒன்று புளிப்பு. தக்காளியோ வினிகரோ முதலிலேயே சேர்ந்தால் பெக்டின் கரையாமல் நின்றுவிடும், மணிக்கணக்கில் கொதித்தாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும். கடலை முழுக்க வெந்த பிறகுதான் தக்காளி. இன்னொன்று கால்சியம் மிகுந்த கடினமான தண்ணீர். அது தோலை மேலும் இறுக்கும். அப்படிப்பட்ட தண்ணீர் வருகிற இடத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். கூடினால் சோப்புச் சுவை வரும், அதனால் சிட்டிகையோடு நிறுத்த வேண்டும். மூன்றாவது, பழைய கடலை. சூட்டிலும் ஈரக்காற்றிலும் நாள்பட்டுக் கிடந்தது எப்படி வேகவைத்தாலும் முழுசாக மசியாது. வாங்கிய மாதத்தை டப்பா மேல் எழுதி ஒட்டச் சொன்னேன்.

திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு முன்பின் ஆகும். பிரஷர் குக்கரில் உள்ளே இருக்கும் நீர் 120 டிகிரி அளவுக்குப் போவதால் நேரம் மிகவும் குறையும். எப்படி வேகவைத்தாலும் ஒரே ஒரு கடலையை நசுக்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்து எடுத்து, ஐந்தும் விரலுக்கிடையில் வெண்ணெய் மாதிரி மசிந்தால் அடுப்பை அணைக்கலாம். ஒன்று மசியவில்லை என்றாலும் இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் வெந்த நீரிலேயே ஆறவிட வேண்டும். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதில் இருக்கும் மாவுச்சத்து குழம்பைக் கெட்டியாக்கும்.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இது ருசி சம்பந்தப்பட்டதில்லை. சிவப்பு ராஜ்மாவைக் கடலை மாதிரி நினைத்துவிடக் கூடாது. அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் (லெக்டின் வகை) நிறைய இருக்கிறது. சரியாக வேகாத சில விதைகளே கடுமையான வாந்தியைக் கொண்டுவரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். மெதுவாகச் சூடேறும் ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே கூடாது. 80 டிகிரி அளவில் நிற்கும் சூடு நச்சை அழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடக்கூடும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஜூன் 14, சனி

மீன் வாங்கிய நாள். தங்கை சாப்பிட மாட்டாள், ஆனாலும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கூடவே வந்தாள்.

முழு மீன் என்றால் கண் தெளிவாக, புடைத்து இருக்க வேண்டும். செவுள் நல்ல சிவப்பு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை மேலே எழ வேண்டும். மணம் கடல்நீர் மாதிரி இருக்கலாம், 'மீன் நாற்றம்' இருக்கக் கூடாது. கடல் மீனின் உடம்பில் மணமில்லாமல் இருக்கும் ஒரு பொருளைப் பாக்டீரியா டிரைமெத்திலமீனாக மாற்றுவதால் வருவதுதான் அந்த நாற்றம். எலுமிச்சை பிழிந்தால் அது அடங்கும், காரணம் அமிலத்தோடு சேர்ந்தபின் அந்த வாயு எளிதில் எழும்பாது. அதற்காகக் கெட்ட மீனை எலுமிச்சையால் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இவை வெப்பத்தில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. அதனால் வாங்கியதும் நேராக வீடு, வீட்டில் ஃப்ரிட்ஜின் மிகக் குளிர்ந்த அடுக்கு, ஓரிரு நாளில் சமைத்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நல்லது, அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். மத்தி, சால்மன் போன்றவற்றில் அது குறைவு.

ஜூன் 15, ஞாயிறு

மீனுக்கு எல்லாம் தலைகீழ். காயிலிருந்து தண்ணீரைத் துரத்தினோம், இங்கே உள்ளே நிறுத்திவைக்கப் போராடுகிறோம். 50 டிகிரி அளவில் மீனின் புரதம் இறுகத் தொடங்குகிறது, 60ஐத் தாண்டும்போது சாறு வெளியேறி உலர ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓரிரு நிமிடம்தான். பாதுகாப்புக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்லும் உள்வெப்பம் 63 டிகிரி. ஒரு சிறிய சமையல் வெப்பமானி வாங்கிவிடுங்கள், வேறு எந்தச் சாமானைவிடவும் அது புதியவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

வெப்பமானி இல்லையென்றால் கண் போதும். பச்சை மீன் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், வெந்தது வெளுத்துப்போகும். துண்டின் பக்கவாட்டைப் பார்த்தால் அந்த வெளுப்பு கீழிருந்து மேலே ஏறுவது தெரியும். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் திருப்பலாம். நடுவில் கத்தி முனையால் லேசாக நெம்பினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். பொதுவான கணக்கு: 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு, திருப்புவதையும் சேர்த்து, மொத்தம் 10 நிமிடம். நான் எட்டாவது நிமிடத்திலேயே பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

உள்ளே ஈரம் வேண்டும், வெளியே வேண்டாம். தோலைத் தாளால் நன்றாக ஒற்றி எடுத்து, உப்பிட்டு, சூடான எண்ணெயில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறேன். முதல் பத்து விநாடி தட்டைக் கரண்டியால் அழுத்திப் பிடித்தால் சுருளாது. அப்புறம் தொடுவதில்லை. தோல் மொறுமொறுப்பானதும் அதுவே வாணலியை விட்டுவிடும். வராத மீனைப் பிடித்து இழுப்பதால்தான் பிய்ந்துபோகிறது.

ஜூன் 19, வியாழன்

'சைவக் குழம்பில் ஏதோ குறைகிறது' என்கிறவர்கள் பெரும்பாலும் உப்பைக் கூட்டுகிறார்கள். குறைவது வேறு சுவை. 1908இல் கிக்குனே இகேடா என்ற ஜப்பானியர் கடற்பாசியிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் ஆழ்ந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மீனில் அதற்குத் துணைபோகும் இனோசினேட் என்ற பொருள் இயல்பாகவே உண்டு. சைவத்துக்கு வற்றிய தக்காளி, சோயா சாஸ், முதிர்ந்த சீஸ், உலர்ந்த காளான் இருக்கின்றன. உலர்ந்த காளானை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை வடிகட்டிக் குழம்பில் ஊற்றிப் பாருங்கள். சீஸ் வாங்கும்போது சைவர்கள் உறையைப் படிக்க வேண்டும். சிலவற்றில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள்.

வெங்காயமும் இங்கே சேரும். ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதியிருக்கும் குறிப்புகளை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கண்ணாடிப் பதம்தான் வரும். சிறு தீயில் அதன் நீர் முழுக்கப் போய், ஆழ்ந்த பழுப்பு நிறமும் இனிப்பும் வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று முழுச் சமையலையும் தங்கையே செய்தாள். ஒரு குழம்பு, இரண்டு சாப்பாடு. எங்களைப் போல ஒரே வீட்டில் இரண்டு விதமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வெங்காயத்தை நிதானமாக வதக்கினாள், பூண்டு, பின்பு தக்காளி. தக்காளியின் நீர் வற்றி எண்ணெய் ஓரமாகப் பிரிகிறவரை விட்டாள். அதன் பிறகுதான் மிளகாய்த்தூள், உப்பு, உலர்காளான் ஊறிய நீர். குழம்பு தயாரானதும் முதல் வேலையாகப் பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். அதில் வெந்த கொண்டைக்கடலையையும் கொஞ்சம் கடலை நீரையும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டது அவளுக்கு. மீதிப் பாதியில், தீயை மிகவும் குறைத்து, நான் மீன் துண்டுகளை மேலாக வைத்து மூடினேன். குழம்பு கொதிக்காமல் லேசாக அசைந்தால் போதும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்கு ஏழெட்டு நிமிடம். கரண்டிகள் தனித்தனி, சைவப் பாத்திரம்தான் முதலில் பிரியும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

சாப்பிடும்போது அவள் பங்கில் எலுமிச்சை பிழிந்தேன். கடலையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். பி12 மட்டும் காய், பயறிலிருந்து நம்பிக்கையாகக் கிடைக்காது. எனக்கு அது மீனிலிருந்து வந்துவிடுகிறது. அவள் பாலும் முட்டையும் எடுத்துக்கொள்கிறாள். அவற்றையும் தொடாதவர்கள் பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ எடுத்துக்கொண்டே ஆக வேண்டும்.

மிஞ்சிய சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தோம். வெந்த சோற்றிலும் பாசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடு தங்கும். வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி வெளியிடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஃப்ரிட்ஜில் கடலைக் குழம்பு மூன்று நாள் தாங்கும். மீன் குழம்பை நாளைக்குள் முடித்துவிடுவேன். அடுத்தது முட்டை என்று தங்கை சொல்லிவிட்டாள்.