தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு சார்

கட்டுமானத் துறையினருக்கான அமைப்பு ஒன்றுக்காக ஒரு கல்லூரியில் என் பொறுப்பில் தொடங்கிய முதல் மாணவர் கிளை ஒரு கல்வியாண்டைத் தாண்டவில்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எதற்கும் குறைவில்லை. சிவில் துறையில் படித்த அத்தனை பேரிடமும் சந்தா வாங்கிப் பட்டியலைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் இறுதியாண்டு. மே மாதம் போய்விட்டார்கள். ஜூலையில் நான் போய் நின்றபோது, அப்படி ஒரு கிளை இருந்ததே இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான். பட்டியல் நீளமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பது என் பிழைப்பு. அந்த அமைப்பில் உறுப்பினராகி, மாணவர் கிளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வாங்கினேன். 1920-ல் தொடங்கிய இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ், 1982-ல் தொடங்கிய இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் போன்ற பெரிய அமைப்புகளுக்கு மாணவர் கிளைகள் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது நானும் ஒன்றில் இருந்தேன். சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. அங்கே என்ன செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

இரண்டாவது கல்லூரியில் விழாவே வேண்டாம் என்றேன். துறைத்தலைவருக்கு வருத்தம். ஆனாலும் சனிக்கிழமை மதியம் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். பதினேழு பேர் வந்தார்கள். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன், எல்லாரும் தலையாட்டினார்கள். தமிழுக்கு மாறியதும் ஒரு பையன் கேட்டான்: "மௌலிவாக்கத்துல பில்டிங் விழுந்துச்சே சார், அதை ஒரு இன்ஜினியர் கூடப் பார்க்கலையா?" 2014 ஜூன் 28 அன்று சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் அந்தப் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது நடந்தபோது அவன் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பான். மனதில் தங்கியிருக்கிறது. அன்று ஒரு மணி நேரம் அதைப் பற்றி மட்டுமே பேசினோம்.

அடுத்த சனிக்கிழமை கான்கிரீட் கலவை போட்டோம். எம்20, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கலவை. சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையில், 456-ஆம் எண் ஐஎஸ் கோடில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் எல்லாரும். நான்கு குழுக்கள், குழுவுக்கு ஆறு கியூப், அதாவது உடைத்து வலுவைப் பார்ப்பதற்கான கான்கிரீட் கனசதுரம். மண்வெட்டியால் புரட்டத் தொடங்கியதும்தான் 30 லிட்டர் கணக்கில் கலவை எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று கைக்குத் தெரிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அச்சைக் கழற்றிக் கியூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும், யார் வருவார்கள் என்று கவலைப்பட்டேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

இருபத்தெட்டாம் நாள் உடைத்தோம். 150 மில்லிமீட்டர் கியூபில் 450 கிலோநியூட்டன் பாரம் ஏறினால் அந்த 20 வரும். மூன்று குழுக்கள் அதைத் தாண்டிவிட்டன. நான்காவது குழுவின் கியூப் 290-லேயே விரிசல் விட்டு, ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. பதின்மூன்றுகூட வரவில்லை. யாரும் பேசவில்லை. அந்தக் குழுவில் இருந்த பெண் மட்டும் உதிர்ந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு சார். புரட்ட முடியலன்னு நான்தான் ஊத்தினேன்."

இந்த முடிவை அறிவிப்புப் பலகையில் போட வேண்டாம், கல்லூரிக்குக் கௌரவக் குறைச்சல் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பெண் கேட்கவில்லை. உடைந்த கியூபையே மேசைமேல் வைத்து, எவ்வளவு தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள் என்று பக்கத்தில் எழுதி வைத்தாள். கிளை பிறந்தது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். சந்தா கேட்காமலேயே வேறு துறைப் பிள்ளைகள்கூட வந்து பார்த்தார்கள்.

அவள் அம்மா சித்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "அம்மா இருபது வருசமா பாண்டு தூக்குறாங்க சார். மேஸ்திரி ஊத்தச் சொன்னா ஊத்துவாங்க. ஏன் ஊத்தக்கூடாதுன்னு யாரும் அவங்ககிட்ட சொன்னதில்ல." இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் அமைப்பின் கூட்டங்களில் பன்னீர் டிக்காவோடு கட்டடங்களின் ஆயுட்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம். கலவையில் தண்ணீர் ஊற்றுகிறவரை ஒருமுறையும் கூப்பிட்டதில்லை.

அதை அந்தப் பிள்ளைகள் செய்தார்கள். சம்பள நாளான சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்துச் சைட்டுகளிலிருந்து கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் என்று முப்பது பேரைக் கல்லூரிக்கு அழைத்து வந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் என்பதால் முதலில் டீயும் போண்டாவும். பிறகு கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் சரிவுச் சோதனைக்கான கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தித் தூக்கிக் காட்டினார்கள். தண்ணீர் கூடிய கலவை தட்டில் படுத்துவிட்டது. வயதான கொத்தனார் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா கெட்டியா கலந்தா கம்பிக்குள்ள இறங்க மாட்டேங்குதே, அதுக்கு என்ன வழி?" என்று கேட்டார். மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். கலவையை இளக்கும் கெமிக்கலைப் பற்றியும் வைப்ரேட்டரைப் பற்றியும், தட்டுத் தடுமாறித்தான் என்றாலும், தமிழிலேயே சொல்லி முடித்தார்கள்.

இப்போது நிர்வாகிகள் எல்லாரும் இரண்டாமாண்டிலிருந்துதான். இந்த ஆண்டுச் செயலாளர் போன வாரம் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தான். புதுப் பிள்ளைகள் எண்ணெய் தடவாமல் கியூப் ஊற்றிவிட்டார்களாம், அச்சு கழற வரவில்லை. சுத்தியலால் தட்ட வேண்டாம், காலையில் வருகிறேன் என்றேன்.