ஸ்பிரிங்ஃபீல்டில் மூன்று மகன்கள், நாலாமவர் ஆர்லிங்டனில்

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பெயரில் ஏகப்பட்ட ஊர்கள். டிக்கெட் எடுக்கும்போது இல்லினாய் மாநிலத்து ஊர்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சிகாகோவிலிருந்து ‘லிங்கன் சர்வீஸ்’ ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். ஆபிரகாம் லிங்கனின் வீட்டையும் கல்லறையையும் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம். நான்கு மகன்களின் தடத்தையும் தேடுவதென்றால் ஓர் இரவு தங்குங்கள்.

முதலில் எட்டாவது தெரு வீடு. நுழைவு இலவசம். ஆனால் பார்வையாளர் மையத்தில் அன்றைய நேரச் சீட்டு வாங்காமல் உள்ளே விடமாட்டார்கள். கோடை விடுமுறையில் காலையிலேயே போய்விடுவது உத்தமம். 1844இல் வாங்கியபோது ஒன்றரை மாடிதான். முழு மாடி எழுந்தது 1856இல். எனவே இன்று மாடியில் பார்க்கும் பிள்ளைகளின் அறையை இரண்டாவது மகன் எடி கண்டதே இல்லை. அவன் 1850 பிப்ரவரி 1 அன்று, நான்கு வயது நிறையுமுன் இதே வீட்டில் இறந்தான். 52 நாள் படுக்கை. காசநோய் என்று பதிவாகியிருக்கிறது.

எடியைப் புதைத்த ஹட்சின்சன் இடுகாட்டைத் தேடி அலையாதீர்கள். அந்த இடத்தில் இப்போது ஸ்பிரிங்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி நிற்கிறது. உடலை 1865 டிசம்பரில் ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஓக் ரிட்ஜ் ஊரின் வடக்கே, சுமார் மூன்று கிலோமீட்டர். நேராக லிங்கனின் கல்லறை நினைவுச் சின்னத்துக்கு ஓடிவிடாமல், குன்றின் அடிவாரத்தில் உள்ள சிறிய கல் அறையை முதலில் பாருங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். 1865 மே 4 அன்று லிங்கனோடு மகன் வில்லியின் பெட்டியையும் தற்காலிகமாக இங்கேதான் வைத்தார்கள். வில்லி 1862 பிப்ரவரியில், 11 வயதில், வெள்ளை மாளிகையில் காய்ச்சலில் இறந்தவன். டைபாய்டு என்றே கருதப்படுகிறது. ஜார்ஜ்டவுனில் இரவலாகக் கிடைத்த ஒரு குடும்பக் கல்லறையில் மூன்று ஆண்டு கிடந்த அவன் பெட்டி, அப்பாவின் இறுதி ரயிலில் ஏறி ஊர் வந்து சேர்ந்தது.

மேலே உள்ள பெரிய கல்லறைக்குள் முதலில் போனது லிங்கன் அல்ல, கடைக்குட்டி டாட். 1871 ஜூலையில், 18 வயதில் சிகாகோவில் இறந்தபோது கட்டடம் பாதிதான் முடிந்திருந்தது. இன்று லிங்கனின் உடல் தரைக்கு அடியில் பத்தடி ஆழத்தில், கான்கிரீட்டுக்குள். 1876இல் அதைத் திருட ஒரு கும்பல் முயன்றதன் விளைவு அது. மனைவி மேரி, எடி, வில்லி, டாட் நால்வரும் எதிர்ச் சுவரில்.

மூத்தவர் ராபர்ட்டை அங்கே தேடிப் பயனில்லை. ராணுவ அமைச்சர், பிரிட்டனுக்கான தூதர், புல்மன் ரயில்பெட்டி நிறுவனத் தலைவர் என்று நீண்ட வாழ்க்கை அவருக்கு. 1875இல் தாயை நீதிமன்றம் வழியாக மனநல விடுதிக்கு அனுப்பியதும் அவரே. அந்த விரிசல் முழுதாக ஆறவில்லை. 1926இல் வெர்மான்ட்டில் இறந்தார். தந்தையோடு வேண்டாம், வாஷிங்டன் அருகே உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில்தான் என்று முடிவெடுத்தவர் அவர் மனைவி. 1890இல் 16 வயதில் லண்டனில் இறந்த அவர்கள் மகன் ஜாக்கின் உடலும் 1930இல் ஓக் ரிட்ஜிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

வாஷிங்டன் போகிறவர்கள் ஆர்லிங்டனில் 31ஆம் பிரிவு என்று கேளுங்கள்.