பெரிய ஆயாவின் ஓட்டைத் தேடி ஒரு வில்லங்க மனு

"பெரிய ஆயா பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணும்னு கூட்டத்துக்கெல்லாம் போவாங்களாம்" என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். பெரிய ஆயா, அம்மாவின் பாட்டி. கூட்டம் என்பது 1917-ல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தினுடையது. சரி, போனவர் ஓட்டுப் போட்டாரா? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. போன வருடம் தேடக் கிளம்பினேன்.

முதல் சிக்கலே பெயர்தான். எல்லோருக்கும் அவர் 'ஆயா'. கடைசியில் பரணிலிருந்த பித்தளை அண்டா கைகொடுத்தது. புளி போட்டுத் தேய்த்ததும், சீர் கொடுத்தபோது விளிம்பில் வெட்டிய பெயர் முழுசாகத் தெரிந்தது.

சென்னை மாகாண சட்டசபை 1921 ஏப்ரல் 1 அன்று பெண்களுக்கு ஓட்டுரிமை தரத் தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இல்லை. ஆண்களுக்கு இருந்த சொத்து, வரித் தகுதி பெண்ணுக்கும் அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். புருஷன் வீட்டில் ராணியாக இருந்தாலும் கணக்கில் வராது. இதைப் படித்த பிறகுதான், தேட வேண்டியது வாக்காளர் பட்டியலை அல்ல, வீட்டுப் பத்திரத்தை என்று உறைத்தது. திருவல்லிக்கேணி வீட்டை அம்மா எப்போதும் 'ஆயா வீடு' என்றுதான் சொல்வார்.

ஒரு சொத்து யார் யார் கை மாறியது என்று பதிவேடுகளிலிருந்து காட்டும் வில்லங்கச் சான்றிதழைத் தேடினேன். ஆன்லைனில் 1975-க்கு முந்தையது கிடைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். தேடும் வருடங்களுக்கு ஏற்பக் கட்டணம். எனக்கு வருடமே தெரியாதே! 1915 முதல் 1935 வரை என்று குத்துமதிப்பாக எழுதினேன். கதவு எண்ணிலும் குழப்பம். பழைய எண், புதிய எண் என்று நாம் படும் பாடு போதாதென்று, அதற்கும் முன்னால் ஒரு எண் இருந்திருக்கிறது. மூன்று முறை 'அடுத்த வாரம் வாங்க'. நான்காம் முறை, வாசலில் இருந்த பத்திர எழுத்தர் ஒருவர், "சொத்து அட்டவணையை விடும்மா, பெயர் அட்டவணையில பார்க்கச் சொல்லு" என்றார். அண்டாவிலிருந்த பெயர் அங்கே இருந்தது.

கையில் கிடைத்த சான்றிட்ட நகல் 1928-ம் வருடத்துக் கிரயப் பத்திரம். 'என் தாயார் 1916-ல் எனக்குக் கொடுத்து என் சுவாதீன அனுபவத்தில் இருந்து வரும்' வீட்டை, மகள் கலியாணச் செலவுக்காக விற்கிறார். அப்படியானால் 1923, 1926 தேர்தல்களின்போது வீடு அவர் பெயரில்தான் இருந்திருக்கிறது. விற்றதோடு அந்தத் தகுதியும் போயிற்று. கலியாணம் என் பாட்டியுடையது. அம்மா இந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

1935 இந்திய அரசுச் சட்டத்தில்தான் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள், வரி கட்டுகிறவர்களின் மனைவிமார் என்று வாசல் கொஞ்சம் அகலமானது. ஆயாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது என்று மாமா அடித்துச் சொல்வார். நகலின் அடியில் அவர் பெயருக்கு எதிரே 'கைநாட்டு' என்று இல்லை. 'கையொப்பம்' என்று இருக்கிறது. மாமாவிடம் காட்டினேன். கண்ணாடி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்.