வால்டன் ஏரி ஐஸும் கீதையும்

மெரினா பக்கம் போகும்போதெல்லாம் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்தால் எனக்கு விவேகானந்தருக்கு முன்னால் அமெரிக்க எழுத்தாளர் தோரோதான் நினைவுக்கு வருகிறார். அது அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ் கப்பலில் வந்து இறங்கிய கிடங்கு, 1842ல் கட்டியது, அதனால்தான் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்கிறோம்.

1846-47 குளிர்காலத்தில் மாசசூசெட்ஸில் வால்டன் ஏரியிலும் ஆட்கள் வந்து ஐஸ் வெட்டினார்கள். கரையில் குடிசை போட்டிருந்த தோரோ அதைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மக்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதினார். காலையில் கீதை படிப்பவர் அவர், சமஸ்கிருதம் தெரியாது, ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். புத்தகத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே ஒரு பிராமணரின் வேலைக்காரன் நிற்கிறான், இருவர் வாளியும் ஒரே கிணற்றில் உரசுகின்றன என்று கற்பனை வேறு. (வாளியை இழுப்பது அங்கேயும் வேலைக்காரன்தான், கவனித்தீர்களா?)

அவருடைய நண்பர் எமர்சன் 1857ல் ‘பிரம்மா’ என்று கவிதையே வெளியிட்டார். கொல்கிறேன் என்று நினைப்பவனும் கொல்லப்பட்டேன் என்று நினைப்பவனும் அறியாதவர்கள் என்று தொடங்கும், அப்படியே கீதையின் இரண்டாம் அத்தியாயம். அந்தக் கால வாசகர்கள் பலருக்குப் புரியவில்லை, கிண்டல் செய்து தள்ளினார்கள்.

சரி, அந்த வால்டன் ஐஸ்? ஒரு பெரிய குவியல் விற்பனைக்கே போகாமல் கரையில் கிடந்து, 1848 செப்டம்பர் வரை உருகி உருகி, பெரும்பாலும் ஏரிக்கே திரும்பிவிட்டதாம், தோரோவே எழுதியிருக்கிறார்.