தலையில்லாத கிளிகள்

போன வாரம் எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த முறை "சொத்துக்குச் சேதம்" என்று தலைப்புப் போட்டு மூன்று படங்கள் அனுப்பியிருந்தார்கள். முதல் படம், ஹால் சுவரில் முருகன் படம் மாட்ட அடித்த ஆணி. இரண்டாவது, அதே ஆணி, இன்னும் கிட்டத்தில். மூன்றாவது, வாசல்படியில் நான் வைத்த மஞ்சளும் குங்குமமும். கீழே ஒரு வரி: மஞ்சள், சிவப்பு நிறக் கறை, காரணம் தெரியவில்லை.

ஆணியைக் கூட விட்டுவிடலாம். "கறை" என்ற வார்த்தைதான் ரெண்டு நாள் தொண்டையில் நின்றது.

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா போயிடும், விடு" என்றார் இவர். நல்ல தேக்கு நிலைப்படியாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். இது பிளாஸ்டிக். மஞ்சள் அதில் குடியுரிமை வாங்கிவிட்டது, எங்களுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல மழை. ஆக்ஸ்ஃபோர்டில் மழை நாளில், காசு செலவில்லாமல், குளிராமல் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் ஓட்ட ஒரே இடம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். என் மகளுக்கு அங்கே இருக்கும் டோடோ பறவை மேல் பைத்தியம். வாசல் மண்டபத்தில் குடையை மடக்கிக்கொண்டே தற்செயலாக நிமிர்ந்தேன். வாசலைச் சுற்றிக் கல்லில் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிறகு, வயிறு எல்லாம் இருக்கிறது. தலையைத்தான் காணோம்.

மூன்று வருஷமாக வந்துபோகிற இடம். ஒருநாளும் கண்ணில் படவில்லை.

உள்ளே விசாரித்து, வீட்டுக்கு வந்து ராத்திரி தேடிப் படித்ததில் கதை கிடைத்தது. இதைக் கட்ட அடிக்கல் நாட்டியது 1855இல். சிற்ப வேலைக்கு அயர்லாந்திலிருந்து ஜேம்ஸ் ஓஷே, அவர் சகோதரர் ஜான் ஓஷே, உறவுக்காரப் பையன் எட்வர்ட் வீலன் எல்லோரையும் கூட்டி வந்தவர் கட்டிடக் கலைஞர் பெஞ்சமின் வுட்வர்ட். கார்க் பகுதியில் பாலிஹூலி என்ற சின்ன ஊர்க்காரர்கள். அதற்கு முன்பு டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் வுட்வர்டுக்கு வேலை செய்து பேர் வாங்கியவர்கள். பிழைப்புக்கு வந்தவர்கள் என்றால் எனக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

தூண் தலைப்புகளுக்கு வரைபடம் கிடையாது. தாவரவியல் தோட்டத்திலிருந்து நிஜச் செடியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். செடி வாடுவதற்குள் ஜேம்ஸ் அதைக் கல்லில் பிடித்துவிடுவார். உள்ளே மொத்தம் 126 தூண்கள், ஒவ்வொன்றும் பிரிட்டனின் ஒவ்வொரு வகைக் கல். எல்லாத் தூணுக்கும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு பெரணி, ஒரு அல்லி, பொந்திலிருந்து எட்டிப் பார்க்கிற ஏதோ ஒரு பிராணி. கறிவேப்பிலை இருக்கிறதா என்றும் தேடினேன். கண்ணில் படவில்லை.

இனி வம்பு. ஜேம்ஸ் ஒரு ஜன்னல் ஓரத்தில் குரங்கு செதுக்கிக்கொண்டிருந்தாராம். பல்கலைக்கழகப் பெரியவர் ஒருவர் கீழேயிருந்து "என்ன பண்றே?" என்றார். "குரங்கு" என்றார் ஜேம்ஸ். "உடனே இறங்கு, பல்கலைக்கழகச் சொத்தை நீ நாசம் பண்ணக் கூடாது" என்று உத்தரவு. சொத்துக்குச் சேதம்! இந்த இடம் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு இவரை எழுப்பிச் சொன்னேன். மணி பன்னிரண்டு.

மறுநாள் பெரியவர் மறுபடி வந்து, சொல்லியும் குரங்கு செதுக்குகிறாயா என்று பாய்ந்தார். "இன்னைக்குப் பூனை" என்றாராம் ஜேம்ஸ்.

அப்புறம் வேலை போயிற்று. இந்தக் கட்டிடத்துக்காக ஓடியாடிய டாக்டர் ஆக்லண்ட் ஒருநாள் வாசலுக்கு வந்தால், ஜேம்ஸ் ஏணியில் நின்று ஆவேசமாக அடித்துக்கொண்டிருக்கிறார். கிளியும் ஆந்தையும் மாறி மாறி. யாரப்பா இதெல்லாம் என்றால், பல்கலைக்கழகச் சபை உறுப்பினர்களாம். ஆக்லண்ட் பாவம், தலைகளை உடைத்துவிடச் சொன்னார். உடம்பு மட்டும் மிஞ்சிற்று. இது பல வருஷம் கழித்து ஆக்லண்டே எழுதி வைத்தது, கொஞ்சம் உப்பு காரம் சேர்த்திருக்கலாம். ஆனால் தலையில்லாத பறவைகள் இன்றைக்கும் வாசலில் இருக்கின்றன. குரங்கு ஜன்னல், பூனை ஜன்னல் இரண்டும் முகப்பில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் மற்ற ஜன்னல்கள் பெரும்பாலும் மொட்டை. உண்மையில் வேலையை நிறுத்தியது பணத் தட்டுப்பாடு. குரங்கு கூடாது என்ற அதே கட்டிடத்தில்தான் 1860 ஜூனில் டார்வின் பக்கம் நின்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் மனிதனுக்குக் குரங்கு பாட்டனா என்று மோதிக்கொண்டார்கள். ஜேம்ஸுக்கு இதைக் கேட்டுச் சிரிக்கக் கொடுத்துவைத்ததா என்னவோ.

நான் இங்கே நன்றாகவே பழகிவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லாமல் கால் தரையில் படாது. வெயில் வந்தால் முன்பின் தெரியாதவரிடம் வெயிலைப் பற்றிப் பேசுகிறேன். ஊர் ஞாபகம் முன்னைப் போல வருவதில்லை.

எங்கள் ஊர் மாமல்லபுரம். வீட்டுக்குப் பின்னால் சிற்பப் பட்டறை. விடியும்போதே உளிச் சத்தம் கேட்கும், அலாரம் வைத்ததே இல்லை. அம்மா மாடியில் வடாம் காயப்போட்டால் கல்தூசி படியும், பட்டறைக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஊதி ஊதி எடுப்பாள். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும், சுற்றி எலிகள். பக்கத்தில் குரங்குக் குடும்பம், ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்கும். ஆயிரத்து முந்நூறு வருஷமாக அந்தப் பூனையை இறங்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீடியோ காலில் பறவைகளின் படத்தைக் காட்டினேன். அவர் அந்தப் பட்டறையில் நாற்பது வருஷம் உளி பிடித்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கல்லு மெத்துனு இருக்கும் போலிருக்கே."

"சுண்ணாம்புக்கல்லுப்பா."

"அதான். நம்ம கருங்கல்லுன்னா இவ்ளோ சுளுவா தலை போகாது." கொஞ்சம் யோசித்தார். "சிறகை விட்டுட்டான் பாரு. மனசு வந்திருக்காது."

பிறகு வாசல்படி விஷயத்தையும் சொன்னேன். "அவங்க வீடும்மா, சுத்தமா துடைச்சுக் குடுத்துடு" என்றார். அப்பா எப்போதும் வேலை கொடுத்தவர் பக்கம்தான்.

ஏஜென்சிக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைப் பூசியாயிற்று. முருகன் இப்போது மைக்ரோவேவ் மேல் சாய்ந்து நிற்கிறார். இன்று சாயங்காலம் எலுமிச்சம்பழமும் சமையல் சோடாவும் எடுத்துக்கொண்டு படியில் குந்தி அரைமணி நேரம் தேய்த்தேன். குங்குமம் போய்விட்டது. மஞ்சள் போகவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை.